கையெழுத்துப் போட்டு விற்ற நிலத்துக்கு நியூசிலாந்து அரசு ஏன் இழப்பீடு கொடுக்கிறது?

கேள்வி இது: 'நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் நிலத்தை அரசுக்கு விலைக்குத்தான் விற்றார்கள், பத்திரமும் இருக்கிறது. நூற்றைம்பது வருஷம் கழித்து இழப்பீடு கேட்பது என்ன நியாயம்?'

கிறைஸ்ட்சர்ச்சுக்கு வந்த புதிதில் எனக்கும் இதே எண்ணம்தான். ஊரில் அப்பா கிராம நிர்வாக அலுவலர். பத்திரத்துக்கு மேல் பேச்சு கிடையாது என்று கேட்டே வளர்ந்தவன் நான். அப்புறம் ஒருநாள் அந்தப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பை உட்கார்ந்து வாசித்தேன். வாங்கினவர்தான் அதில் எழுதியிருப்பதைச் செய்யவில்லை.

வட தீவை விட்டுவிடுகிறேன். அங்கே போர், பறிமுதல் என்று கதை வேறு பக்கம் போகும். நான் இருக்கும் தென் தீவை மட்டும் சொல்கிறேன். இங்கே பெரும்பகுதி நிலத்துக்கு உரியவர்கள் ங்காய் தாஹு குலத்தார்.

பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் 1840-ல் செய்துகொண்ட வைதாங்கி உடன்படிக்கையில் ஒரு ஷரத்து உண்டு. மாவோரிகள் நிலத்தை விற்பதானால் முதலில் அரசிடம்தான் போக வேண்டும். நிலத் தரகர்கள் ஏமாற்றாமல் இருக்க என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். வாங்க ஒரே ஆள்தான், சட்டம் போடுவதும் அதே ஆள் என்றால் விலை எப்படி இருக்கும்? 1844 முதல் 1864 வரை பத்துக் கிரயங்களில் 3 கோடியே 45 லட்சம் ஏக்கர் கைமாறியது. நாட்டின் பரப்பில் பாதிக்கு மேல். கொடுத்த பணம் மொத்தம் 14,750 பவுண்டு. அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. கணக்குப் போட்டால் ஒரு பென்னிக்குப் பத்து ஏக்கர் மாதிரி வரும். 1850 டிசம்பரில் கப்பலில் வந்து இறங்கிய குடியேறிகளுக்கு, அந்தக் குடியேற்றத்தை நடத்திய கேன்டர்பரி சங்கம் இதே மண்ணை ஏக்கர் 3 பவுண்டுக்கு விற்றது.

ஆனால் விலை குறைவு என்பதை மட்டும் வைத்து நான் வாதாட மாட்டேன். அடிமாட்டு விலைக்கு விற்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பத்திரத்துக்கே வருகிறேன். இருப்பதிலேயே பெரியது 1848 ஜூன் 12 அன்று அகரோவாவில் அரசு சார்பில் கெம்ப் என்பவர் எழுதி வாங்கியது. விலை 2,000 பவுண்டு. மாவோரி மொழியில் எழுதிய அந்தப் பத்திரத்தில், எங்கள் குடியிருப்புகளும் 'மஹிங்கா காய்' இடங்களும் எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே இருக்க வேண்டும், அளந்து முடித்தபின் இன்னும் நிலம் ஒதுக்க வேண்டும் என்று இருக்கிறது. மஹிங்கா காய் என்றால் உணவு தேடும் இடங்கள். (அவர்கள் மொழியில் 'காய்' என்றாலே உணவு. நம் கத்தரிக்காய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் முதல் தடவை கேட்டபோது சிரித்துவிட்டேன்.) விலாங்கு பிடிக்கும் சதுப்பு, பறவை பிடிக்கும் காடு, கிழங்கு தோண்டும் மேடு எல்லாம் அதில் அடக்கம்.

ஒதுக்கீட்டை அளக்க வந்தவர் வால்டர் மாண்டெல். பத்திரம் முடிந்த பிறகுதான் வந்தார் என்பதைக் கவனியுங்கள். தோட்டம் போட்ட நிலமும் விலாங்கு பிடிக்கக் கட்டிய அணையும்தான் மஹிங்கா காய் என்று அர்த்தத்தைச் சுருக்கினார். தலைக்குப் பத்து ஏக்கர் என்று கணக்கு வைத்தார். ஆடு மேய்க்க வந்த ஒற்றை வெள்ளைக்காரருக்கு ஆயிரக்கணக்கில் ஏக்கர் கிடைத்த காலம் அது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வரும் என்றும் வாயால் சொன்னார். இதே மாண்டெல் பிறகு அமைச்சரானார். சொன்ன வாக்கை அரசு காப்பாற்ற மறுக்கிறது என்று 1861-ல் பதவியை விட்டார்! ங்காய் தாஹு தலைவர் மதியாஹா திராமோரேஹு 1849-லேயே ஆளுநர் தரப்புக்குப் புகார்க் கடிதம் எழுதிவிட்டார். ஆகவே 150 வருஷம் கழித்துக் கேட்கிறார்கள் என்பது தப்பு. 150 வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் அவர்கள் கையில் மிஞ்சியது 35,757 ஏக்கர். அதில் ஒரு துண்டு கிறைஸ்ட்சர்ச்சுக்கு வடக்கே துவாஹிவியில் இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் அந்த ஊர்க்காரர். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மாவோரி நிலப் பதிவுத் தளத்தைக் கைப்பேசியில் திறந்து காட்டினார். நிலம் இரண்டு ஏக்கர் சொச்சம். பங்குதாரர் பட்டியல் விரலால் தள்ளத் தள்ள ஓடிக்கொண்டே இருந்தது. அவர் பெயர் கிட்டத்தட்ட கடைசியில், பக்கத்தில் தசமப் புள்ளிக்குப் பின்னால் நீளமாய் ஓர் எண். 1865-ல் வந்த நிலநீதிமன்றம் குலப் பொதுச் சொத்தை ஆளுக்கு ஆள் பங்காக்கியது. பிறகு ஒவ்வொரு சாவுக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாகப் பிரிந்தது. "இதில் எனக்கு ஒரு கதவு வைக்கும் அளவு இருக்கும்" என்றார் அக்கா.

காட்டு விஷயத்திலும் இதே இழுபறிதான். 1980-களின் கடைசியில் அரசு தன் பைன் காடுகளை விற்கக் கிளம்பியபோது, அந்த நிலத்தின் மேல் எங்கள் கோரிக்கை இன்னும் தீரவில்லை என்று மாவோரிகள் தடுத்தார்கள். 1989 சட்டப்படி மரத்தை வெட்டும் உரிமையை மட்டும் விற்றார்கள், நிலம் அரசிடமே நின்றது. நம்மூரில் ரோட்டோரப் புளியமரத்தின் மகசூலை மட்டும் ஏலம் விடுவதில்லையா, கிட்டத்தட்ட அப்படி. நிலவாடகை ஓர் அறக்கட்டளையில் சேர்ந்தது, கோரிக்கை ஜெயித்தவர்களுக்கு நிலமும் சேர்ந்த வாடகையும். 2008-ல் வட தீவின் நடுப்பகுதியில் 1,76,000 ஹெக்டேர் அப்படித் திரும்பியது. அரசு நிர்வாகம் செய்த காரியங்களில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. வழக்கு முடியும் முன் பொருளை விற்றுத் தீர்க்கவில்லை, பாருங்கள்.

ங்காய் தாஹுவுக்கு 1991-ல், உடன்படிக்கை மீறல் புகார்களை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம் சாதகமாகச் சொன்னது, 1998-ல் அரசு மன்னிப்புக் கேட்டு 17 கோடி நியூசிலாந்து டாலர் கொடுத்தது. இழந்ததோடு ஒப்பிட்டால் சில்லறை. குடியேறிகளின் பண்ணையையும் வீட்டையும் யாரும் தொடவில்லை, அது நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. கூடவே ஒரு சலுகை: அந்தப் பகுதியில் அரசு தனக்கு வேண்டாத சொத்தை விற்றால் முதலில் ங்காய் தாஹுவிடம் கேட்க வேண்டும். விலை சந்தை விலைதான். பென்னிக்குப் பத்து ஏக்கர் கிடையாது.

அவர்கள் வாங்கவும் செய்தார்கள். நகர மையத்தில் இருந்த போலீஸ் தலைமையகக் கட்டடம் அவர்கள் நிறுவனத்துடையது, போலீஸ்தான் குடக்கூலிக்கு இருந்தது. பூகம்பத்தில் சேதமான அதை 2015-ல் வெடிவைத்துச் சரித்தபோது நானும் கூட்டத்தோடு போய் நின்றேன். பக்கத்தில் நின்றவர் போலீஸ் இடிக்கிறது என்றார். இல்லை, வீட்டுக்காரர் இடிக்கிறார் என்றேன்.