பெண்ணுக்கு இயல்பாகவே வருமா?

அன்புள்ள ஐயா,

என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆர்க்கிடெக்சர்தான் படிப்பேன் என்கிறாள். வெயிலில் சைட்டில் நின்று மேஸ்திரிகளோடு மல்லுக்கட்டும் வேலை அது. பேசாமல் இன்டீரியர் டிசைன் படி, ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்கிறேன். வீட்டை அழகாக வைத்துக்கொள்வது பெண்களுக்கு இயல்பாகவே வருவதுதானே? அந்தத் தொழிலை உருவாக்கியவர்களே பெண்கள்தான் என்று எங்கோ படித்தேன். வருமானம் எப்படி இருக்கும்? வாஸ்துவும் சேர்த்துப் படித்தால் நல்லதா? அவள் நீங்கள் எழுதுவதைப் படிப்பவள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

(பெயர் வேண்டாம்), திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மகள் மேல் நீங்கள் வைத்திருக்கும் பாசம் கடிதத்தில் தெரிகிறது. அந்தத் தைரியத்தில்தான் திட்டப்போகிறேன். வாஸ்து பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வருமானத்தைப் பற்றி அந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்கள். போயும் போயும் ஒரு எழுத்தாளனிடமா கேட்பது!

'இயல்பாகவே வரும்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கொஞ்ச நாளாக நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பாராட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு பெண் படித்ததையும் உழைத்ததையும் கணக்கிலேயே சேர்க்காமல் விட இதைவிட நல்ல வழி கிடையாது.

லண்டனில் ஆக்னஸ் காரட், ரோடா காரட் என்று இருவர். ஒன்றுவிட்ட சகோதரிகள். 1870களின் தொடக்கத்தில் கட்டிடக்கலைஞர் யாரிடமாவது தொழில் பழக வேண்டும் என்று அலைந்தார்கள். பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஆள் இல்லை. கடைசியில் பிரைடன் என்ற கட்டிடக்கலைஞர் இடம் கொடுத்தார். அவரிடம் பதினெட்டு மாதம் பழகிவிட்டு 1874இல் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார்கள்; வீட்டு உள் அலங்காரத்தைத் தொழிலாக எடுத்து நடத்திய முதல் பெண்கள் வரிசையில் வருபவர்கள். அடுத்த இரண்டு வருடத்தில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார்கள். இயல்பாகவே வருகிற விஷயத்துக்கு எதற்கு ஐயா பதினெட்டு மாதப் பயிற்சி?

நீங்கள் படித்தது அநேகமாக எல்ஸி டி வுல்ஃப் பற்றியதாக இருக்கும். நியூயார்க்கில் நாடக நடிகையாக இருந்தவர். 1907இல் திறந்த காலனி கிளப் என்ற பெண்கள் சங்கத்தின் உள்அறைகளை அமைத்தார். அன்றைய பணக்கார வீடுகள் கனத்த திரைச்சீலையும் இருட்டுமாக மூச்சு முட்டும். இவர் வெளிர் நிறம், பூப்போட்ட சின்ட்ஸ் துணி, பிரம்பு நாற்காலி என்று வெளிச்சத்தை உள்ளே விட்டார். சரி, இவர் கட்டிடக்கலை படித்தவர் இல்லை, ரசனையை வைத்தே பிழைத்தவர். ஆனால் அந்த ரசனைக்குப் பில் போட்டார். எஃகுத் தொழில் கோடீஸ்வரர் ஹென்றி ஃப்ரிக்குக்கு மரச்சாமான் வாங்கிக் கொடுத்தபோது கமிஷனும் வாங்கிக்கொண்டார். நான் அவரை மதிப்பது பிரம்பு நாற்காலிக்காக அல்ல, அந்தக் கமிஷனுக்காக.

உங்கள் வாதத்துக்கு நேர்ப் பதில் வேண்டுமென்றால் ஃபிராங்ஃபர்ட்டுக்குப் போக வேண்டும். மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி, வியன்னாவில் கட்டிடக்கலை படித்தவர். முதல் உலகப்போருக்குப் பிறகு ஃபிராங்ஃபர்ட் நகராட்சி சாதாரண மக்களுக்காக ஆயிரக்கணக்கில் குடியிருப்புகள் கட்டியது. அவற்றுக்காக 1926இல் இவர் வடிவமைத்த சமையலறையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம் ஊர் ஃபிளாட்டில் இந்த அளவைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அதற்குள் ஜன்னலோரமாக வெட்டும் மேடை, உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் ஸ்டூல், வெட்டிய கழிவை அப்படியே தள்ளிவிட மேடையிலேயே ஓர் இழுப்பறை, சுவரிலிருந்து மடக்கி இறக்கும் இஸ்திரிப் பலகை, விட்டத்தில் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய விளக்கு. அரிசி, சர்க்கரைக்கு அலுமினிய டப்பாக்கள், பெயர் பொறித்து, கைப்பிடி வைத்து, உருவி எடுத்து நேராகப் பாத்திரத்தில் கொட்டுகிற மாதிரி. மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, புழு வராமல் இருக்க. கிட்டத்தட்ட பத்தாயிரம் வீடுகளில் இதைப் பொருத்தினார்கள். இன்று நம் ஊரில் 'மாடுலர் கிச்சன்' என்று போர்டு வைத்திருக்கும் கடைகளுக்கெல்லாம் அந்தம்மாள்தான் பாட்டி.

எல்லோரும் என்ன சொன்னார்கள்? பெண் இல்லையா, சமையலறையின் கஷ்டம் அவருக்குத் தெரியாதா என்றார்கள். அவரோ வயதான காலத்தில், அதை வடிவமைக்கும்வரை தான் வீட்டு நிர்வாகமே செய்ததில்லை, சமைத்ததும் இல்லை, சமையல் பற்றி ஒன்றும் தெரியாது என்று பட்டென்று சொல்லிவிட்டார். ரயில் உணவுப் பெட்டியின் குட்டிச் சமையலறையில் அத்தனை பேருக்கு எப்படிச் சாப்பாடு தயாராகிறது என்று பார்த்தார். ஸ்டாப்வாட்சை வைத்து வேலைகளுக்கு நேரம் குறித்தார், நடக்கிற தூரத்தைக் கணக்கிட்டார். நாஜிகளை எதிர்த்துச் சிறைக்குப் போனவர், நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர். அவர் செய்ததிலெல்லாம் ஊர் ஞாபகம் வைத்திருப்பது இந்தச் சமையலறையை மட்டும்தான் என்பதில் அவருக்கே சலிப்பு உண்டு.

என் சித்தப்பா மகள் சென்னையில் இந்தத் தொழிலில் இருக்கிறாள். எங்கள் வீட்டுச் சமையலறையை மாற்றிக் கட்டியபோது அவள்தான் பார்த்துக்கொண்டாள். முதல் நாள் எந்தப் படமும் காட்டவில்லை. காலி அறையில் முட்டி போட்டு உட்கார்ந்து, மேடை வரவேண்டிய இடத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்தாள். "பெரியம்மா, உள்ள வந்து நில்லுங்க. குக்கரை இறக்கி வைக்கிற மாதிரி கையை வைங்க" என்றாள். அம்மாவின் முழங்கை உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தாள். பிறகு டேப்பை இழுத்து ஆசாரியிடம் கணக்குச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "சார், நீங்க சொல்லுங்க, எவ்வளவு ஹைட் வைக்கலாம்?" என்றார். எனக்கு ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. அதைச் சொன்னேன், அவர் நம்பவில்லை.

அவர் தேவலை. எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே! கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "நம்ம ஹாலுக்கு என்ன கலர் அடிக்கலாம், சும்மா வந்து பார்த்துச் சொல்லிட்டுப் போயேன்" என்பார்கள். ஃபீஸ் என்றால் முகம் சுருங்கும். "கர்ட்டன் பார்த்து எடுக்கறதுக்கா? உனக்குத்தான் இதெல்லாம் தானா வருமே." இவர்களே ஆடிட்டரிடம் போய், உனக்குத்தான் கணக்கு தானாக வருமே, சும்மா போட்டுக் கொடு என்பார்களா? ஐந்து வருடம் பி.ஆர்க். படித்தவள் அவள். ஆமாம், உங்கள் மகள் கேட்கிற அதே படிப்பு.

ஆர்க்கிடெக்சரும் இன்டீரியர் டிசைனும் வேறு வேறு திசை என்று நினைக்கிறீர்கள். ஃப்ளாரன்ஸ் நோல் அமெரிக்காவில் மீஸ் வான் டெர் ரோ என்ற புகழ்பெற்ற கட்டிடக்கலைஞரிடம் படித்தவர். 1940களில் நோல் என்ற மரச்சாமான் நிறுவனத்தில் உள்அறைகளைத் திட்டமிடும் பிரிவை நடத்தியபோது, அலுவலகத்தில் யாருக்கு என்ன வேலை, எவ்வளவு கோப்பு, யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்துவிட்டுத்தான் படம் போடுவார்கள். வரைபடத்தின் மேல் துணித் துண்டையும் மரச் சீவலையும் ஒட்டி வாடிக்கையாளருக்குக் காட்டுவார். முதலாளி அறையின் மூலையில் குறுக்காகக் கிடந்த பெரிய மேஜையை நேராகத் திருப்பிப் போட்டவர் அவர்தான். பாரிஸில் 1927இல் வேலை கேட்டு வந்த ஷார்லட் பெரியான் என்ற இளம் வடிவமைப்பாளரை, இங்கே நாங்கள் குஷனுக்கு எம்பிராய்டரி போடுவதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் பெரிய கட்டிடக்கலைஞரான லெ கொர்பூசியே. பிறகு அந்தப் பெண் கண்காட்சியில் வைத்திருந்த அறையைப் பார்த்துவிட்டு கொர்பூசியேவே அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். உங்கள் மகளிடம் நீங்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அந்த எம்பிராய்டரிப் பேச்சுதான், கொஞ்சம் அன்பாக.

ஏசி அறை என்றீர்கள். என் தங்கை மரத்தூளிலும் டைல்ஸ் வெட்டும் புழுதியிலும்தான் பாதி நாள் நிற்கிறாள். வெயிலிலிருந்து மகளைக் காப்பாற்ற இது வழி அல்ல. நான் சொன்னால் கேட்பாள் என்கிறீர்கள். அவள் சொல்வதை நீங்கள் கேளுங்கள். ஆர்க்கிடெக்சர் படிப்புக்கான நாட்டா நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டாளா? இல்லையென்றால் கடைசித் தேதி என்னவென்று இன்றே பாருங்கள்.