கடலின் உப்பும் மழையின் கணக்கும்

கேள்வி: பனிப்பாறைகள் உருகிக் கலப்பதால் கடல்நீரின் உப்புத்தன்மை எங்கும் ஒரே சீராகக் குறைந்துவருகிறது என்று கொள்ளலாமா?

பதில்: அப்படிக் கொள்ள இயலாது. ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு உள்ளது. உருகும் பனி அந்தச் சராசரியை மிகச் சிறிதளவே மாற்றும். கவனிக்க வேண்டியது இடத்துக்கு இடம் வளர்ந்துவரும் வேறுபாடு. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைக் கொள்ளும் என்பதால் ஆவியாதலும் மழையும் வலுக்கின்றன; இதனால் மழையைவிட ஆவியாதல் மிகுந்த துணைவெப்பமண்டலக் கடற்பரப்புகள் மேலும் உப்பேறுகின்றன. மழை மிகுந்த பரப்புகளிலோ உப்பு மேலும் குறைகிறது. 1950-க்குப் பிந்தைய அளவீடுகளில் இப்போக்கு தெளிவாகத் தெரிகிறது: அட்லாண்டிக்கின் மேற்பரப்பு பொதுவாக உப்பேறியிருக்க, பசிபிக்கில் உப்பு குறைந்துள்ளது.

உலகில் பெய்யும் மழையின் பெரும்பகுதி கடல்மீதே விழுகிறது. அங்கே மழைமானிகள் அரிது என்பதால், நீர்ச்சுழற்சி எவ்வளவு தீவிரமடைந்துள்ளது என்பதை அறிய உப்பே நம்பகமான சான்றாகிறது. 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, சுமார் 10 நாள்களுக்கு ஒருமுறை மேலெழுந்து, அளந்த உப்பு, வெப்பநிலைத் தகவலை அனுப்பும் ஆர்கோ எனும் தானியங்கி மிதவைகள் இந்த ஆய்வுக்குக் கிடைத்த பெரும்பேறு என்றே கருதுகிறேன்.

எனக்கு மிகுந்த கவலை தருவது வட அட்லாண்டிக். கிரீன்லாந்தின் உருகுநீர் கலந்து மேற்பரப்பு நீரின் அடர்த்தி குறையுமானால், அது ஆழத்துக்கு அமிழ்வது தளர்ந்து, வெப்பத்தை வடக்கே சுமந்து செல்லும் நீரோட்டமும் வலுவிழக்கும்.