கேள்வி – பதில்: டிராகோ மால்ஃபாய் கோழையா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் 'ஹாரி பாட்டர்' வரிசையின் ஆறாம் புத்தகத்தை முடித்திருக்கிறாள். அன்று முதல் அவளுக்கும் அவளுடைய தாய்மாமனுக்கும் வாதம் ஓயவில்லை. கொல்லும் வாய்ப்புக் கையில் இருந்தும் டிராகோ மால்ஃபாய் டம்பிள்டோரைக் கொல்லவில்லை, ஆகவே அவன் நல்லவன் என்கிறாள் மகள். கை நடுங்கியவனை நல்லவன் என்றால் ஊரில் உள்ள கோழைகள் எல்லாரும் மகான்கள்தாம் என்கிறான் என் தம்பி. நான் யார் பக்கம் பேசுவது?
— ஒரு வாசகி, திருநகர், மதுரை

பதில்: மதுரையில் வீட்டுக்கு வீடு பட்டிமன்றம் நடப்பதில் வியப்பில்லை. ஆனால் நடுவர் நாற்காலியில் என்னை உட்கார்த்திவிட்டீர்களே!

புத்தகத்தைப் படிக்காதவர்களுக்காகக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். 2005இல் வெளிவந்த அந்த ஆறாம் புத்தகத்தின் 27ஆம் அத்தியாயத்தில், குகையில் குடிக்க நேர்ந்த நஞ்சால் தளர்ந்துபோன மந்திரப் பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோர், கதாநாயகனான மாணவன் ஹாரியோடு பள்ளிக் கோபுரத்தின் உச்சிக்கு வந்து சேர்கிறார். கதவைத் திறந்துகொண்டு டிராகோ வரும் அந்த நொடியில், மாய அங்கிக்குள் மறைந்திருக்கும் ஹாரியை அசையவிடாமல் கட்டுவதற்குத் தம் மந்திரத்தைச் செலவிட்டுவிடுவதால், அவருடைய மந்திரக்கோல் பறிபோகிறது. எதிரே நிராயுதபாணியாகச் சுவரில் சாய்ந்து நிற்கும் முதியவர். இங்கே அவரைக் கொல்லும்படி கதையின் கொடிய வில்லன் வோல்டமோர்ட் அனுப்பிய மாணவன். இடையில் தடுக்க யாரும் இல்லை.

உங்கள் தம்பி கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். கொல்ல வந்தவனுக்கு ஒரு நொடி போதும். டிராகோவுக்கோ பல நிமிடங்கள் கிடைக்கின்றன. அத்தனையையும் அவன் பேசியே கழிக்கிறான். பழுதுபட்ட மாய அலமாரியை ஓராண்டு முழுவதும் பாடுபட்டுச் சீர்செய்து, அதன் வழியே எதிரிகளைப் பள்ளிக்குள் எப்படிக் கொண்டுவந்தேன் என்று, பாராட்டை எதிர்பார்க்கும் பிள்ளையைப் போல விளக்கிக்கொண்டிருக்கிறான். நீ கொலைகாரன் அல்ல என்று டம்பிள்டோர் சொல்லும்போது அவன் சீறுகிறானே தவிர, கையிலுள்ள கோலை உயர்த்தி ஒரு சொல்லைச் சொல்ல அவனால் முடியவில்லை. உன்னையும் உன் தாயையும் எங்கள் பக்கம் மறைத்துப் பாதுகாக்கிறோம் என்று அவர் சொன்ன பிறகு, அந்தக் கை மிகச் சிறிதளவு தாழ்கிறது. அவ்வளவுதான், படிகளில் காலடிச் சத்தம் கேட்கிறது, வோல்டமோர்ட்டின் ஆட்கள் நால்வர் உள்ளே பாய்கிறார்கள். கொலை கடைசியில் அதே பள்ளியின் ஆசிரியர் ஸ்னேப்பின் கையால் நடக்கிறது.

இனி உங்கள் மகள் கவனிக்க வேண்டியது. இதே டிராகோதான் அந்த ஆண்டில் சபிக்கப்பட்ட கழுத்தணியை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பி, கேட்டி பெல் என்ற மாணவியை மரண வாயில்வரை கொண்டுபோனவன். அவன் ஏற்பாடு செய்த நஞ்சு கலந்த மதுவைக் குடித்தும் ஹாரியின் நண்பன் ரான் பிழைத்தது ஹாரியின் சமயோசிதத்தால். இவை இரண்டும் டம்பிள்டோரைக் குறிவைத்தவை. ஆக, கொலை செய்ய அவன் துணியவில்லை என்று சொல்ல முடியாது. முகம் பார்த்துச் செய்ய முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி சாப்பிடுகிறவர், கோயில் கிடாவெட்டில் அரிவாளைக் கையில் கொடுத்தால் பின்வாங்குவார் அல்லவா, அதைப் போன்றது இது.

அப்படியானால் அது கோழைத்தனம்தானே என்று தம்பி கேட்பார். பயம் அவனிடம் நிறையவே இருந்தது. ஆனால் எந்தப் பயம் எந்தப் பக்கம் தள்ளியது என்று பாருங்கள். தந்தை லூசியஸ் தோற்றுச் சிறையில் கிடக்கிறார். அந்தத் தோல்விக்குத் தண்டனையாகத்தான் இந்த வேலையே மகன் தலையில் கட்டப்பட்டது. செய்யாவிட்டால் குடும்பத்தோடு சாவு என்று வோல்டமோர்ட் சொல்லியிருக்கிறான். வெறும் கோழையாக இருந்தால், அந்தப் பெரிய பயத்துக்கு அடிபணிந்து, எதிர்க்க வலுவில்லாத கிழவரைக் கொன்றுவிட்டுத் தப்பித்திருப்பான். பயம் முழுவதும் கொல் என்று சொல்லும்போது கொல்லாமல் நின்ற ஒன்று அவனுக்குள் இருந்தது; அதைத்தான் நான் மனசாட்சி என்கிறேன். அதற்காக அவனை நல்லவன் என்று எழுதிக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: அடைக்கலம் தருகிறேன் என்று சொன்ன பிறகும் அவன் அந்தப் பக்கம் போகவில்லையே! வீடணனைப் போல் கட்சி மாறாதவனுக்கு அறத்தேர்வு என்ற பெரிய சொல் எதற்கு?
— ஓர் ஆசிரியர், மேலூர்

பதில்: வீடணனை மட்டும் ஏன் அளவுகோலாக வைத்துக்கொள்கிறீர்கள், ஐயா? அதே கம்பனில் கும்பகருணன் இருக்கிறான். அண்ணன் செய்தது தவறு என்று அவையிலேயே எடுத்துச் சொன்னவன். வீடணன் போர்க்களத்துக்கு வந்து அழைத்தபோதும், வளர்த்துப் போருக்கு அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று மறுத்தவன். தவறென்று தெரிந்து விலகுகிறவன், தவறென்று தெரிந்தும் கடனுக்காகச் சாகிறவன் என்று இரண்டு அச்சுகள் நமக்குப் பழக்கமானவை. இரண்டிலும் ஒரு முடிவு இருக்கிறது, முடிவைச் சொல்லும் பேச்சும் இருக்கிறது. டிராகோ இந்த இரண்டிலும் அடங்குவதில்லை. அவன் எதையும் அறிவிப்பதில்லை. மேடையில் நின்று பேச வராத ஒருவனின் தேர்வை அவன் கையைப் பார்த்துத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கோபுரக் காட்சியை அவனுடைய நெஞ்சுக்குள் புகுந்து சொல்லாமல், அசைய முடியாமல் நிற்கும் எதிரியான ஹாரியின் கண் வழியே காட்டியிருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். வெறுப்போடு ஒரு துளி இரக்கம் ஹாரிக்குள் கலந்துவிட்டது என்று பிறகு வருவதும் அந்தத் தாழ்ந்த கையை அவன் பார்த்திருந்ததால்தான்.

என் தனிப்பட்ட கருத்து, கோபுரத்தைவிட 2007இல் வந்த ஏழாம் புத்தகத்தில் மால்ஃபாய் குடும்பத்து மாளிகையில் நடக்கும் காட்சி இன்னும் கனமானது. பிடிபட்ட ஹாரியின் முகம், அவனை அடையாளம் தெரியாமலாக்க அவன் தோழி ஹெர்மாயினி ஏவிய மந்திரத்தால் வீங்கிக் கிடக்கிறது. இவன் ஹாரிதானா என்று பள்ளித் தோழனான டிராகோவைக் கேட்கிறார்கள். நாமே பிடித்துக்கொடுத்தால் நம் குற்றங்கள் எல்லாம் மன்னிக்கப்படும் என்று பெற்ற தகப்பன் காதருகே நின்று தூண்டுகிறார். டிராகோ உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறான். கிட்டே போய்ப் பார்க்கவும் விரும்பவில்லை. ஹெர்மாயினியைக் காட்டியபோது, இருக்கலாம் என்று முணுமுணுத்ததையும் மறைக்க வேண்டியதில்லை. கோபுரத்தில் எதிரே இருந்தவர், யாரும் இரங்கக்கூடிய முதியவர். இங்கே இருப்பவன் ஆறாண்டுகளாக அவன் வெறுத்தவன். காப்பாற்றினால் தனக்கு எந்த லாபமும் இல்லை, காட்டிக்கொடுத்தால் தந்தையின் மானம் மீளும் என்ற நிலையில் வந்த தயக்கம் அது.

ஆனாலும் அவன் திருந்திவிட்டான் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். இறுதிப் போரின்போது ஹாரியைப் பிடிக்கத் தன் கூட்டாளிகளோடு வருகிறான். தீயில் சிக்கிய அவனை ஹாரியே தூக்கி வெளியே கொண்டுவருகிறான். அதற்குப் பிறகும் வோல்டமோர்ட்டின் ஆள் ஒருவனிடம், நான் உங்கள் பக்கம்தான் என்று கெஞ்சுகிறான். எனக்கு அந்த இடம் படிக்கச் சங்கடமானது, ஆனால் பொய்யில்லாதது.

கேள்வி: நான் படம் மட்டும் பார்த்தேன். அதில் உள்ளதும் புத்தகத்தில் உள்ளதும் ஒன்றுதானா?
— ஒரு கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

பதில்: இல்லை. 2009இல் வந்த படத்தில் ஹாரி மந்திரத்தால் கட்டப்படவில்லை. கீழ்த்தளத்தில் மறைந்து நின்று மேலே பார்க்கிறான். கடைசிப் படத்தில் எல்லார் முன்னிலையிலும் பெற்றோர் அழைக்க டிராகோ வோல்டமோர்ட்டின் பக்கம் நடந்து போவது புத்தகத்தில் கிடையாது. டிராகோவாக வரும் டாம் ஃபெல்டனின் நடிப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் தீர்ப்புச் சொல்லப் படத்தைச் சான்றாக எடுக்காதீர்கள்.

கேள்வி: எப்படியும் டம்பிள்டோர் செத்துத்தான் போனார். டிராகோ கொன்றிருந்தால் கதையில் என்ன மாறியிருக்கும்?
— ஒரு வாசகர், வாடிப்பட்டி

பதில்: ஒரு சிறுவனின் ஆன்மாவே மாறியிருக்கும் என்பதுதான் டம்பிள்டோரின் கவலை. அந்தப் பையனின் ஆன்மா சிதையக்கூடாது என்பதற்காகவே, எப்படியும் சாகப்போகும் தம்மை நீயே கொன்றுவிடு என்று ஸ்னேப்பிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார். என் ஆன்மா என்னாவது என்று ஸ்னேப் திருப்பிக் கேட்டது தனிக் கதை. அதைப் பற்றி யாராவது கேள்வி அனுப்பினால் மகிழ்வேன்.

கதைப்போக்கில் இன்னொன்றும் உண்டு. கொன்றவனுக்கே டம்பிள்டோரின் கோல் பணியும் என்று நம்பி வோல்டமோர்ட் ஸ்னேப்பைக் கொல்கிறான். உண்மையில் அந்தக் கோல், கோபுரத்தில் அவர் கையிலிருந்து அதைத் தட்டிப் பறித்த டிராகோவுக்குத்தான் பணிந்திருந்தது. பின்னர் மாளிகையில் டிராகோவின் சொந்தக் கோலை ஹாரி பிடுங்கியபோது, டம்பிள்டோரின் கோலின் பணிவும் ஹாரியிடம் போய்விட்டது. கோலைத் தட்டிப் பறித்ததோடு நின்றுவிட்ட ஒரு பையனுக்குத்தான் அது பணிந்தது என்று, ஹாரி எடுத்துச் சொல்லும்வரை வோல்டமோர்ட்டுக்குத் தோன்றவே இல்லை. திருநகர் அம்மாவின் மகளும் தம்பியும் அடுத்த சுற்று வாதத்தை ஏழாம் புத்தகத்தின் 23ஆம் அத்தியாயத்தை வாசித்த பிறகு தொடங்கட்டும். மகள் இன்னும் அதுவரை வரவில்லை என்றால், மேலே நான் எழுதியிருப்பதில் பாதியை அவளிடமிருந்து மறைத்து வையுங்கள்.