குதிரையின் சேணம் நழுவாமல் இருக்க எந்த வயிற்றுப் பட்டை வாங்கலாம்?

சேணத்தைக் குதிரையின் உடம்போடு சேர்த்துக் கட்டும் வார்தான் வயிற்றுப் பட்டை. முன்னங்கால் முட்டிக்கு மேலே, உடம்பை ஒட்டிய மடிப்புக்குச் சுமார் 4 விரல் பின்னால் அது உட்கார வேண்டும். உடம்பு பீப்பாய் போல உருண்டையாக இருந்தால் சேணம் பிடிமானமின்றிச் சுழலும். அதற்கு அகலமான, உள்பக்கம் வழுக்காத பட்டை நல்லது; நம் டெல்டா புழுக்கத்துக்குக் காற்றோட்டமுள்ள பருத்திக் கயிற்றுப் பட்டையைத்தான் நான் சொல்வேன்.

அறுவடை முடிந்து வண்டியில் வைக்கோல் பாரம் கட்டுவதை நினைத்துப் பாருங்கள். கயிறு ஒரு பக்கம் மட்டும் இழுபட்டால் பாரம் சாயும். பட்டையையும் இரு பக்கமும் சமமாக மாட்டுங்கள். கட்டும்போது பல குதிரைகள் உடம்பை உப்பிக்கொள்ளும். சிறிது நடக்கவிட்டு, அப்புறம் இன்னொரு துளை இறுக்குங்கள்.

இறுக்க இறுக்க நழுவாது என்பது தவறு. குதிரைக்கு வேதனைதான் மிஞ்சும், அளவு பொருந்தாத சேணம் அப்போதும் நழுவும்.