பெற்றவளைத் தேடுவது நன்றிகேடா?

கேள்வி: டென்மார்க்கில் வேலை பார்க்கும் என் மகனோடு பங்குனி உத்திரத்துக்கு வந்திருந்த அவனுடைய தோழி, தென்கொரியாவில் பிறந்து, கைக்குழந்தையாக டென்மார்க்குக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர். பத்திரத்தில் அநாதை என்றுதான் இருக்கிறதாம். வளர்த்தவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. இருந்தும் பெற்ற தாயைத் தேடுகிறார். இது நன்றிகேடு ஆகாதா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஆகாது. முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தப் பத்திரத்தைத்தான். கொரியப் போருக்குப் பின் அந்நாட்டிலிருந்து ஏறத்தாழ 2 லட்சம் குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, அனுப்புவது சுலபம் என்பதற்காக, பல குழந்தைகளை அநாதை என்று பதிவேட்டில் எழுதினார்கள். அனுப்பவிருந்த குழந்தை இறந்துபோனாலோ, உறவினர் வந்து அழைத்துப் போய்விட்டாலோ, அதே பெயரில் இன்னொரு குழந்தையை விமானமேற்றிய கொடுமையும் நடந்தது. 2022-இல் டென்மார்க்கில் வளர்ந்தவர்கள் தொடங்கிவைத்த முறையீட்டை விசாரித்த தென்கொரியாவின் உண்மை, நல்லிணக்க ஆணையம், 11 நாடுகளிலிருந்து மனுச் செய்த 367 பேரில் 56 பேருக்கு உரிமை மீறல் நடந்திருப்பதை 2025 மார்ச்சில் உறுதிசெய்து, அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் மன்னிப்புக் கேட்டார்.

ஆக, தம் பெயரும் பிறந்த தேதியும் தம்முடையவைதானா என்பதே அந்தப் பெண்ணுக்கு நிச்சயமில்லை. தலைமுறைகளுக்கு முன் ஊரைவிட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் குலதெய்வமான சாஸ்தா எந்தக் குளத்தங்கரையில் இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு உத்திரத்தன்று நம் சீமைக்கு வருவதையும், விசாரித்தும் தெரியாதவர்கள் காரையாறு சொரிமுத்து அய்யனாரிடம் போவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களை யாரும் நன்றி கெட்டவர்கள் என்பதில்லையே!

பெற்றோர் விவரமே ஏட்டில் இல்லாதவர்கள், 2020 முதல், தாங்கள் வாழும் நாட்டிலுள்ள கொரியத் தூதரகத்திலேயே மரபணு மாதிரி கொடுக்கலாம். பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தேடும் குடும்பங்களின் மாதிரிகளோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தாயின் பெயர் ஏட்டில் இருந்தாலோ, அவர் சம்மதித்தால்தான் விவரம் தருவார்கள். மணமாகாமல் பெற்றதை மறைத்து வேறு குடும்பம் அமைத்துக்கொண்டவர்கள் பதில் சொல்லாமலே இருந்துவிடுவதுண்டு. அன்று அவர்களைக் குழந்தையோடு வாழவிடாத ஊர்வாய்க்கு இன்றும் பயப்படுகிறவர்களிடம் கோபித்துக்கொள்வது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அதைத் தோழியிடம் நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டாம். அவர் கேட்டால் சொல்லுங்கள்.