ஆடியில் விதைத்த கேரட் ஏன் கவட்டையானது?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் தடிக்காரன்கோணம் பக்கம் எனக்குப் பத்து சென்ட் விளை இருக்கிறது. சரளை கலந்த செம்மண். முன்பு ஏத்தன் வாழை நின்ற இடம். முந்தி வந்தால் நல்ல விலைக்குப் போகுமே என்று போன வருடம் ஆடியில் கேரட் விதைத்தேன். பாதி முளைக்கவில்லை. முளைத்ததும் விரல் அளவில் கவட்டை கவட்டையாக நின்றுவிட்டது. ஊட்டி கேரட் மாதிரி இங்கே முந்தி எடுக்க வழி உண்டா?

பதில்: அண்ணாச்சி, ஊட்டி கேரட்டோடு போட்டி வேண்டாம். 15 முதல் 20 டிகிரி குளிர் இருந்தால்தான் கிழங்கு நீண்டு நல்ல நிறம் பிடிக்கும். நம் பக்கம் மார்கழி இரவுகூட பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேலேதான் நிற்கும். சூட்டில் கிழங்கு குட்டையாகும், வெளுக்கும். அதனால் இங்கே முந்தி விதைத்து லாபமில்லை. இளசிலேயே முந்திப் பிடுங்குவதுதான் வழி.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, முழுசாக ஓயாத ஆடியில் விதைத்தீர்கள். மழை அடித்து, வெயில் காய்ந்தால் செம்மண் மேலே ஏடு கட்டிவிடும். நூல் போன்ற கேரட் முளைக்கு அதை உடைக்கும் பலம் கிடையாது. இந்த முறை கார்த்திகைப் பிற்பாதியில், பெருமழை விட்டதும் விதையுங்கள். மாசிக்குள் பிடுங்கிவிடலாம், பங்குனி வெயிலுக்கு முன்னே.

ரகங்களில் நியூ குரோடா சூட்டை ஓரளவு தாங்கும், நிறமும் நம் ஆட்கள் கேட்கிற ஆரஞ்சு. பூசா விருஷ்டி அதைவிட வெப்பம் தாங்கும், ஆனால் சிவப்பு. வாங்குகிறவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கேரட் விதை சீக்கிரம் வீரியம் இழக்கும். பாக்கெட்டில் பரிசோதனைத் தேதி பாருங்கள். 50 விதையை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். பத்து, பன்னிரண்டு நாளில் 30க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையைத் தொடாதீர்கள். கேரட்டுக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 60 சதவீதம்.

அடுத்து கவட்டை. ஆணிவேரின் நுனி ஒரு சரளைக் கல்லில் முட்டிய இடத்திலிருந்து இரண்டாகப் பிரிந்திருக்கும். மட்காத சாணியும் இதே வேலையைச் செய்யும். ஒரு அடி ஆழம் கொத்தி, கல்லைப் பொறுக்கி, மூன்றடி அகலத்தில் மேட்டுப்பாத்தி போடுங்கள். நன்றாக மட்கிய தொழுவுரம் சென்டுக்கு 120 கிலோ வரை போடலாம். யூரியாவை அள்ளிப் போட்டால் தழைதான் வரும்.

வாழை நின்ற விளை என்றதும் எனக்கு இன்னொரு சந்தேகம். கிழங்கிலும் சல்லிவேரிலும் சின்னச் சின்ன முடிச்சு இருந்ததா? இருந்தால் அது நூற்புழு, வாழை வேரிலும் இருப்பது. கவட்டைக்கு அதுவும் காரணம். அப்படியானால் புழுவைக் குறைக்க இந்த வருடம் அங்கே கேந்திப்பூ (செண்டுமல்லி) வையுங்கள், கேரட்டை வேறு மூலைக்கு மாற்றுங்கள். அடியுரத்தோடு வேப்பம்புண்ணாக்கும் சேருங்கள்.

விதை சென்டுக்கு 16 கிராம் போதும். ஆற்றுமணலில் கலந்து, அடிக்கு ஒரு வரியாக, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் தூவுங்கள். இடையிடையே நாலைந்து முள்ளங்கி விதையும் போடுங்கள். அது நாலு நாளில் முளைத்து வரியைக் காட்டும், மண் ஏட்டையும் உடைத்துக் கொடுக்கும். மேலே நனைந்த சாக்கு விரித்து, காலையும் மாலையும் பூவாளியால் தெளியுங்கள். ஆறாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளை முளை கண்ணில் பட்ட அன்று மாலையே எடுத்துவிட வேண்டும்; ஒருநாள் தாமதித்தாலும் முளை சாக்கு இழையில் மாட்டிக்கொண்டு வந்துவிடும்.

அப்புறம், கலைத்துவிட மனசு வராது. ஆனாலும் மூன்று நாலு இலை வந்ததும் மூன்று விரல் இடைவெளிக்கு ஒரு செடி விட்டு மற்றதைப் பிடுங்கியே ஆக வேண்டும். நெருக்கமாக விட்டால் ஒன்றும் பருக்காது. கிழங்கின் தோள் வெளியே தெரிந்தால் மண் அணையுங்கள், இல்லாவிட்டால் பச்சை ஏறும்.

70, 75 நாளில் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். கட்டைவிரல் பருமன் இருந்தால் எடுக்கத் தொடங்கலாம். நாகர்கோவில் வடசேரி சந்தைக்கு மூட்டையாகக் கொண்டுபோனால் மலைக் கேரட்டின் விலையோடு மோத வேண்டிவரும். தழையோடு கட்டுக் கட்டாக ஊரிலேயே, பிடுங்கிய அன்றே விற்றுப் பாருங்கள். பத்து சென்டிலும் இறங்க வேண்டாம், முதல் வருடம் இரண்டு சென்ட் மட்டும் போடுங்கள்.