நடுவர் தீர்ப்புகளை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: பன்னாட்டு வணிகத் தகராறுகளில் ஒரு தரப்புக்குத் தன் வாதத்தைச் சொல்ல வாய்ப்பு மறுக்கப்படுவது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர்கள் தரும் தீர்ப்புகள் ரகசியம் என்கிறார்கள். பணம் தந்தால் ஒரு கட்டுத் தீர்ப்புகள் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத ஆவணத்தை அடிக்குறிப்பில் எப்படிக் காட்டுவீர்கள்? பெயர்கள் கறுப்படிக்கப்பட்டு, நடுவில் பக்கங்கள் இல்லாமல் வரும் பிரதி உண்மையானதா என்று சரிபார்க்க வழியில்லை. வாய்மொழித் தேர்வில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இதே ஆட்கள் அப்புறம் 'ஒரே வாரத்தில் ஆய்விதழில் கட்டுரை' என்றும் வருவார்கள். கட்டுரை எண்ணிக்கையைக் காட்டி மாணவர்களை விரட்டும் பல்கலைக்கழகங்கள்தான் இந்தக் கும்பலுக்குச் சோறு போடுகின்றன. தரத்தைப் படித்துப் பார்க்க நேரமில்லாதவர்கள் எண்ணிக்கையை மட்டும் கேட்பது எனக்குப் பொறுக்கவே இல்லை.

சரி, உங்கள் ஆய்வுக்கு வருவோம். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நாடுகள் ஏற்று நிறைவேற்றுவது பற்றிய 1958 நியூயார்க் உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவைப் பாருங்கள். முறையான அறிவிப்பு வரவில்லை, தன் தரப்பைச் சொல்ல முடியவில்லை என்று தோற்றவர் நிரூபித்தால், நடுவர் தீர்ப்பை நிறைவேற்ற நீதிமன்றம் மறுக்கலாம். அந்த வழக்கில் அறிவிப்பு எந்த முகவரிக்குப் போனது, யார் வாங்கினார், பதிலுக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் நீதிமன்றம் அலசித் தீர்ப்பில் எழுதுகிறது. நீங்கள் தேடுவது அதுதானே? ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரால் 'கிளவுட்' (CLOUT) என்ற தொகுப்பில் பல நாட்டு நீதிமன்றத் தீர்ப்புகளின் சுருக்கங்களை இலவசமாகத் தருகிறது. சுருக்கத்தோடு நிற்காமல் மூலத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். முதலீட்டாளர் ஒரு நாட்டின் மீது தொடுக்கும் வழக்குகளில் பல தீர்ப்புகளை, அவ்வகைத் தகராறுகளைத் தீர்க்கும் உலக வங்கிக் குழும அமைப்பான இக்சிட்டே (ICSID) வெளியிடுகிறது.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். நீதிமன்றம் வரை வருபவை சண்டை தீராத வழக்குகள்தான். தோற்றவர் முணுமுணுக்காமல் பணம் கட்டிவிட்டால் அந்தத் தீர்ப்பு உங்கள் கண்ணிலேயே படாது. அதனால் 'நடுவர்கள் பொதுவாக இப்படித்தான் செய்கிறார்கள்' என்று எழுத உங்களுக்கு ஆதாரம் கிடையாது. 'எதிர்க்கப்பட்ட தீர்ப்புகளில் நீதிமன்றங்கள் இப்படிப் பார்த்தன' என்றுதான் எழுதலாம். ஆய்வேட்டின் தலைப்பையே அப்படி மாற்றிக்கொள்ளுங்கள், நெறியாளர் ஆயிரம் சொன்னாலும்.

முதலில் உங்களுக்கு மொழி தெரிந்த இரண்டு நாடுகளை மட்டும் எடுத்து, அறிவிப்பு பற்றிய வழக்குகளிலிருந்து தொடங்குங்கள்.